முதல் ஃபோம் போர்டு ஆர்.சி. விமானம்: எந்தப் பிளானை எடுக்கலாம்?

#1 வள்ளியூர்க்காரன்

எல்லாருக்கும் வணக்கம். மெக்கானிக்கல் இரண்டாம் வருஷம் படிக்கேன். சொந்தமா ஒரு ஆர்.சி. விமானம் (ரிமோட்டால ஓட்டுற சின்ன விமானம்) கட்டிப் பறக்க விடணும்னு ரொம்ப நாள் ஆசை. சீனியர் அண்ணன் ஒருத்தர் படிப்பு முடிஞ்சு போறப்ப ப்ராஜெக்ட்ல மிஞ்சின சாமானைக் குடுத்துட்டுப் போனார்: ஃப்ளைஸ்கை ஐ6 ரிமோட், ரிசீவர், ஏ2212 1000 கேவி மோட்டார் ஒண்ணு (கேவின்னா ஒரு வோல்ட்டுக்கு எத்தனை சுத்துங்கிற கணக்கு), மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்துற 30 ஆம்ப் இ.எஸ்.சி. ஒண்ணு. பேட்டரி, சர்வோ (வாலை அசைக்கிற குட்டி மோட்டார்), சார்ஜர் நான்தான் வாங்கணும். பகுதி நேர வேலையில சேத்து வச்ச காசு இருக்கு. ஆனா ஒரு தடவை தப்பா வாங்கினா மறுபடி சேக்க ஆறு மாசம் ஆகும்.

மனசுல மூணு விமானம் இருக்கு. சுகோய் 30 மாதிரி ஒண்ணு, ஸ்பிட்ஃபயர், அப்புறம் இணையத்துல பிளான் தர்ற ஃப்ளைட் டெஸ்ட்காரங்களோட டைனி டிரெய்னர்ங்கிற பழகு விமானம். சுகோய்தான் கட்ட ஆசை. எங்க ஊர் ஸ்டேஷனரி கடையில ஃபோம் போர்டுன்னு கேட்டா சன்போர்டுன்னு ஒண்ணு குடுக்காங்க. அது போதுமா? பறக்க விட எங்க ஊர்க் குளம் இருக்கு, இப்ப வறண்டு கெடக்கு, கரையில மட்டும் சீமைக் கருவேலம். இதுவரைக்கும் எதையும் பறக்க விட்டது இல்ல. வழி சொல்லுங்க.

#2 கோவை சிறகு

வாங்க தம்பி. பிளானை அப்புறம் பாத்துக்கலாங்க. முதல்ல அந்தக் கடைக்கே திரும்பப் போய் போர்டை எடை போடுங்க. எத்தனையோ பேரோட முதல் விமானம் கட்டறதுக்கு முன்னாடியே தோத்துப்போறது இந்த இடத்துலதான்.

நம்ம ஊர்ல சன்போர்டுங்கற ஒரே பேர்ல ரெண்டு மூணு சாமான் விக்கறாங்க. ஒண்ணு விளம்பரப் பலகைக்குப் போடற பிளாஸ்டிக் போர்டு. வெள்ளையா, வழவழன்னு, பாக்க அழகா இருக்கும், ஆனா கல்லு மாதிரி கனம். இன்னொண்ணு நடுவுல நுரை, ரெண்டு பக்கமும் தாள் ஒட்டினது. ஆர்க்கிடெக்ட் படிக்கற பசங்க மாடல் செய்ய வாங்கறது. நமக்கு வேணுங்கறது ரெண்டாவது.

ஒரு அளவுகோல் வச்சுக்குங்க. 10 செ.மீ.க்கு 10 செ.மீ. துண்டு வெட்டி நகைத் தராசுல வைங்க. அமெரிக்காவுல டாலர் ட்ரீ கடையில கிடைக்கற போர்டு ஏறக்குறைய 3 கிராம் வரும். இணையத்துல கிடைக்கற பிளான்ல பாதிக்கு மேல அந்த 3 கிராமை மனசுல வச்சு வரைஞ்சதுதான். நம்ம ஊர்த் தாள் போர்டு 5, 6 கிராம் இருக்கும். அதையும் பறக்க வைக்கலாம், பிளானைக் கொஞ்சம் மாத்தணும். 10 கிராமுக்கு மேல போனா அந்தக் கடையை விட்டு வந்துடுங்க. பிளாஸ்டிக் போர்டு 20 கிராமைத் தாண்டும்.

தராசு இல்லைன்னா நகத்தால ஓரத்தை அழுத்திப் பாருங்க. நுரை உள்ள அமுங்கணும். அமுங்கலைன்னா அது பிளாஸ்டிக்.

#3 வள்ளியூர்க்காரன்

போய்ட்டு வந்தேன் அண்ணே. முதல்ல குடுத்த சன்போர்டு 24 கிராம்! நீங்க சொல்லலன்னா அதைத்தான் நாலு ஷீட் வாங்கியிருப்பேன். திருநெல்வேலில ஒரு டிராயிங் சாமான் கடையில தாள் ஒட்டின 5 மில்லி போர்டு கிடைச்சுது. துண்டு 5 கிராம். நகைக்கடைல எடை போட்டுத் தந்தாங்க. இப்போதைக்கு ஒரு ஷீட்தான் வாங்கினேன்.

சுகோய் பத்தி ஒண்ணும் சொல்லலையே அண்ணே?

#4 பழைய கேடட்

தம்பிக்கு வணக்கம். நான் என்.சி.சி. விமானப் பிரிவில் இருந்தவன். பால்சா மரத்தில் கட்டி, கம்பியில் வட்டமாகச் சுற்றும் கண்ட்ரோல் லைன் விமானங்களில் ஆரம்பித்தேன். வாயு சைனிக் முகாமுக்கும் போயிருக்கிறேன். அந்தக் காலத்தில் ஒரு இறக்கை ஒடிந்தால் மாதக்கணக்கில் வேலை. உங்கள் தலைமுறைக்கு ஒரு ஷீட் போர்டும் ஒரு க்ளூ கன்னும் போதும் என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம்.

சுகோய் பற்றிக் கேட்டீர்கள். வேண்டாம் என்று மட்டும் சொன்னால் மனம் ஆறாது, கணக்கோடு சொல்கிறேன்.

ஒரு விமானம் எந்த வேகத்துக்குக் கீழே போனால் ஸ்டால் ஆகி (இறக்கையின் தூக்கும் விசை போய்) விழும் என்பதை அதன் எடையும் இறக்கைப் பரப்பும்தான் பெரும்பாலும் தீர்மானிக்கின்றன. ஒரு மீட்டர் நீளம், 20 செ.மீ. அகலம் உள்ள இறக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். விமானத்தின் மொத்த எடை 300 கிராம் என்றால் மணிக்குச் சுமார் 18 கி.மீ. வேகத்திலும் பறக்கும். 500 கிராம் என்றால் 23 கி.மீ. 800 கிராம் என்றால் 29 கி.மீ. வேண்டும். 18 கி.மீ. என்பது சைக்கிளை அழுத்தி மிதிக்கும் வேகம், கண்ணும் கையும் கூடவே போக முடியும். இரண்டு மோட்டார், குட்டை இறக்கை என்று ஒரு போர் விமான வடிவத்தைக் கனமான போர்டில் கட்டினால், இறங்கும்போதே அது மொபெட் வேகத்தில் வரும். முதல் நாளில் உங்கள் கை யோசித்து முடிப்பதற்குள் அது தரையில் இருக்கும்.

இன்னொரு காரணம் இறக்கையின் வளைவு. டைனி டிரெய்னருக்கு இரண்டு விதமான இறக்கை உண்டு. அதில் ஒன்றின் நுனிகள் இரண்டு பக்கமும் மேல்நோக்கி மடிந்திருக்கும். காற்று தட்டி இடது இறக்கை தாழ்ந்தால் விமானம் இடப்பக்கமாகச் சறுக்கும். சறுக்கும்போது தாழ்ந்த இறக்கைக்குக் காற்று கூடுதல் கோணத்தில் வந்து மோதும், அது தானே மேலே எழும்பும். நீங்கள் குச்சியை விட்டுவிட்டாலும் விமானம் தன்னைச் சமன் செய்துகொள்ளப் பார்க்கிறது. வாலில் நிற்கும் ரட்டர் பலகையைத் திருப்பினால் விமானம் திரும்புவதும் இதே வளைவினால்தான், இறக்கையில் அசையும் எய்லரான் பலகையே தேவையில்லை. சுகோய்க்கும் ஸ்பிட்ஃபயருக்கும் இந்தக் குணம் இந்த அளவுக்குக் கிடையாது. சாய்த்தால் பெரும்பாலும் சாய்ந்தபடியே இருக்கும், அதுதான் அவற்றின் வேலை.

சுகோயை மறக்கச் சொல்லவில்லை. மூன்றாவது விமானமாகக் கட்டுங்கள். படம் போடுங்கள், பார்த்து மகிழ்கிறேன்.

#5 வால் இல்லாதவன்

கேடட் ஐயா சொன்ன கணக்கை மறுக்கல. ஆனா முதல் விமானத்துக்கு வால் இல்லாத பறக்கும் இறக்கையை யாரும் சொல்லலையேன்னு எழுதுறேன்.

என் முதல் விமானமே அதுதான். ஒரு ஷீட் போர்டு, ரெண்டு சர்வோ, பின்னால தள்ளுற மோட்டார். மூக்கு தரையில குத்தினாலும் மோட்டாருக்கும் ப்ராப்புக்கும் (மோட்டார் சுத்துற விசிறி) ஒண்ணும் ஆகாது. மூக்கு நசுங்கினா புது நுரைத் துண்டு ஒட்டி, டேப் சுத்தி, பத்து நிமிஷத்துல அடுத்த பறப்பு. இறக்கையோட மேல்பக்கத்தை வளைச்சு வடிவம் தரணும்னு தலையப் பிச்சுக்க வேண்டாம், இன்னொரு பாதி போர்டை மேல ஒட்டி ஒரு படிக்கட்டு மாதிரி விட்டா போதும். கிளைன் ஃபோகல்மேன் இறக்கைன்னு பேரு. ரிச்சர்டு கிளைன்கிறவர் காகித விமானம் மடிச்சுப் பாத்துக் கண்டுபிடிச்சது. உங்க ஐ6 ரிமோட்லயே ரெண்டு சர்வோவைக் கலக்குற எலிவான் மிக்ஸ் இருக்கு, தனியா எதுவும் வாங்க வேண்டாம்.

#6 கோவை சிறகு

வால் இல்லாதவன் சொல்ற பலம் நூத்துக்கு நூறு உண்மைங்க. என்கிட்டயும் ஒண்ணு இருக்கு, ரெண்டு வருஷமா உடைஞ்சு உடைஞ்சு பறக்குது. ஆனா இந்தத் தம்பிக்கு அதை நான் சொல்ல மாட்டேன்.

முதல் காரணம், சி.ஜி.ங்கற எடை மையம். வால் இருக்கற விமானத்துல எடை மையம் ஒரு செ.மீ. தப்பினாலும் சமாளிக்கலாம். வால் இல்லாததுல அரை செ.மீ. பின்னால போனாலே கையை விட்டதும் குட்டிக்கரணம் போடும். புதுசா கட்டறவருக்கு அது ஏன் விழுந்துச்சுன்னே தெரியாது. ரெண்டாவது, தூரத்துல போனதும் அது வருதா போகுதான்னு கண்ணுக்குப் பிடிபடாது. தட்டையா ஒரு கோடு மாதிரி தெரியும். மூணாவதைத்தான் நான் ரொம்பப் பெருசா நினைக்கறேன்: கையால எறியும்போது ப்ராப் உங்க விரலுக்குப் பின்னாடி சுத்துது. கூட ஆள் இல்லாம முதல் தடவை எறியற பையன் அதைச் செய்யக் கூடாதுங்க. 1000 கேவி மோட்டார்ல 10 அங்குல ப்ராப் விரலைக் கிழிச்சுடும்.

என் முடிவு இது. டைனி டிரெய்னர், மேல் மடிப்பு இறக்கை, மூணு சேனல் (மோட்டாருக்கு ஒண்ணு, வால்ல அசையற ரெண்டு பலகைக்கு ஒவ்வொண்ணு). ஆனா பிளானை 120 சதவீதம் பெருசாக்கிக் கட்டுங்க.

பெருசாக்கச் சொல்றதுக்குக் காரணம் உங்க போர்டும் உங்க மோட்டாரும். அசல் பிளான் 37 அங்குல இறக்கை, சின்ன மோட்டார், 3 கிராம் போர்டு. உங்ககிட்ட இருக்கற மோட்டார் மட்டுமே 50 கிராம் வரும். இ.எஸ்.சி. 25, சர்வோ ரெண்டும் வயரோட 20, ரிசீவர் 15, பேட்டரி 90. கூட்டினா 200, ப்ராப்பையும் சேத்தா 210. இந்த எடை விமானம் சின்னதானாலும் பெருசானாலும் மாறாது. இறக்கையை மட்டும் பெருசாக்கினா இந்த 210 கிராமைத் தூக்க அதிகப் பரப்பு கிடைக்குது. 120 சதவீதம்னா நீளம் 44 அங்குலம், பரப்பு 1.44 மடங்கு. உங்க போர்டுல கட்டினா மொத்தம் 650 கிராம் பக்கம் நிக்கும்னு நினைக்கறேன். அந்த மோட்டார் மூணு செல் பேட்டரியில 10 அங்குல ப்ராப்போட 800 கிராம் வரைக்கும் இழுக்கும். தாராளம்.

பேட்டரிய 2200 எம்.ஏ.ஹெச். வாங்கிடாதீங்க. ரொம்ப நேரம் பறக்கும்னு ஆசைப்பட்டு எல்லாரும் அதைத்தான் வாங்கறாங்க. அது ஒண்ணே 180 கிராம். மூணு செல் 1000 போதும்.

#7 டாலஸ் தமிழ்

120 சதவீதம் நல்ல யோசனை. ஆனால் அதில் ஒரு பொறி இருக்கிறது, நான் அதில் விழுந்து ஒரு நாள் முழுக்க வீணாக்கினேன். பிளானைப் பெரிதாக்கும்போது எல்லாக் கோடும் பெரிதாகும், உங்கள் போர்டின் தடிமன் மட்டும் பெரிதாகாது. வால் செருகும் காடி 5 மில்லியில் இருந்து 6 மில்லி ஆகிவிடும், செருகினால் ஆடும். பக்கச் சுவர் மடித்து நிறுத்தும் பள்ளங்களுக்கும் அதே கதை. எனவே வெட்டும் முன் காடி, பள்ளம் எல்லாவற்றிலும் உங்கள் போர்டுத் துண்டை நிற்க வைத்துப் பென்சிலால் மறுபடி கோடு போடுங்கள்.

இந்தப் பிளான்கள் ஏன் இப்படி இருக்கின்றன என்பதையும் சொல்லிவிடுகிறேன். இங்கே டாலர் ட்ரீயில் கிடைக்கும் ஷீட் 20 அங்குலத்துக்கு 30 அங்குலம். ஓஹயோவில் இருக்கும் ஃப்ளைட் டெஸ்ட் குழுவில் ஜோஷ் பிக்ஸ்லர் வரைந்த விமானங்கள் பெரும்பாலும் அந்த ஷீட்டுக்குள் அடங்கும்படி துண்டு துண்டாக அமைந்தவை. பி.டி.எஃப். பிளான்களை இலவசமாகவே தருகிறார்கள். மோட்டார் ஒரு தனிப் பெட்டியில் இருக்கும், மூங்கில் குச்சியும் ரப்பர் பேண்டும் மட்டுமே அதை உடம்போடு பிடித்திருக்கும். மோதினால் பெட்டி கழன்று பின்னால் நகரும், உடம்பு பிழைக்கும். இந்தப் பெட்டியைச் சோம்பல்பட்டு நேரடியாக ஒட்டிவிடாதீர்கள் தம்பி. முதல் பத்துப் பறப்பில் உங்களைக் காப்பாற்றப் போவது அதுதான்.

பிரிண்ட் எடுக்கும்போது "பக்கத்துக்குப் பொருத்து" என்பதை அணைத்துவிடுங்கள். பிளானில் ஓர் அளவுக்கோடு இருக்கும், ஸ்கேல் வைத்து அளந்து பார்த்த பிறகே வெட்டுங்கள். ஏ4 தாள் ஒட்டி ஒட்டிச் சலித்தால், வீட்டு வரைபடம் எடுக்கும் பிளாட்டர் கடைகளில் ஒரே தாளில் எடுத்துத் தருவார்கள்.

#8 அறிவியல் டீச்சர்

நான் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். ஆர்.சி. எனக்குப் புதிது, இந்த இழையைப் படித்துக் கற்றுக்கொண்டிருக்கிறேன். ஆனால் கிளைடரில் பத்து வருட அனுபவம் உண்டு.

தம்பி, அந்த ஒரு ஷீட்டை வெட்டும் முன் ஒரு மாலை நேரம் மட்டும் ஒதுக்கி, வெறும் கையால் எறியும் கிளைடர் ஒன்று செய்யுங்கள். தெர்மாகோல் தட்டு போதும். மூக்கில் களிமண் உருண்டை. உருண்டையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளி எடுத்துக்கொண்டே எறியுங்கள். மூக்கு கனமாக இருந்தால் நேராகத் தரைக்குப் போகும். வால் கனமானால் மேலே எழும்பி, நின்று, பொத்தென்று விழும், மறுபடி எழும்பும். என் பிள்ளைகள் இதைத் தவளைப் பறப்பு என்பார்கள். நடுவில் ஓர் இடத்தில் வழுக்கிக்கொண்டு போகும். அந்த மூன்றையும் கண்ணால் பார்த்துவிட்டால், நாளைக்கு உங்கள் விமானம் விழும்போது எதனால் விழுந்தது என்று உங்களுக்கே தெரியும். இது எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நாற்பது நிமிடத்தில் பிடிபடுகிறது.

#9 வள்ளியூர்க்காரன்

டீச்சர், செஞ்சு பாத்தேன். என் தங்கச்சியும் சேந்துகிட்டா. தவளைப் பறப்பு வந்துச்சு, களிமண் சேத்ததும் போச்சு. ரொம்ப நன்றி.

டைனி டிரெய்னர் 120 சதவீதம்னு முடிவு பண்ணிட்டேன். ரெண்டு 9 கிராம் சர்வோ, மூணு செல் 1000 பேட்டரி, பேலன்ஸ் சார்ஜர் ஆர்டர் போட்டாச்சு. ஆனா இ.எஸ்.சி.யை ரிசீவர்ல மாட்டினேன், ரிசீவர்ல லைட்டே வரல. டெஸ்ட் பண்ண சீனியர்கிட்ட பேட்டரி வாங்கியிருந்தேன். போயிருச்சா?

#10 கோவை சிறகு

போகலைங்க. ரிசீவருக்குப் போற மூணு வயர்ல நடு வயர் இருக்குதான்னு பாருங்க. ட்ரோன் ப்ராஜெக்ட் சாமான்ல சில இ.எஸ்.சி. ரிசீவருக்கு 5 வோல்ட் குடுக்காது, நடு வயரே இருக்காது. அப்படின்னா பேட்டரி வோல்ட்டை 5 வோல்ட்டாக் குறைச்சுத் தர்ற பெக் (BEC) ஒண்ணு தனியா வாங்கி ரிசீவர்ல மாட்டுங்க. சின்னச் சாமான்தான்.

இனி நான் சொல்றதை எல்லாம் ப்ராப்பைக் கழட்டி வச்சுட்டுத்தான் செய்யணும். வீட்டுக்குள்ள, மேசை மேல, தங்கச்சி பக்கத்துல இருக்கும்போது ப்ராப் மாட்டின மோட்டாருக்குப் பேட்டரி குடுக்கவே கூடாது.

த்ராட்டிலை (மோட்டார் வேகத்தை மாத்தற குச்சி) முழுசா மேல வச்சுப் பேட்டரி மாட்டுங்க, பீப் சத்தம் வந்ததும் கீழ இறக்குங்க, இ.எஸ்.சி. அளவு புரிஞ்சுக்கும். மோட்டார் தப்பான பக்கம் சுத்துனா அதோட மூணு வயர்ல ஏதாவது ரெண்டை மாத்துங்க. ரிமோட்டை அணைச்சா மோட்டார் நிக்கணும், அதுக்கு ஃபெயில்சேஃப்ல (சிக்னல் போனா என்ன செய்யணும்ங்கற அமைப்பு) த்ராட்டில் பூஜ்யம்னு வைங்க. ரட்டரை இடது கைக் குச்சியில வைக்காம, வலது கைக் குச்சியில எய்லரான் வர்ற சேனல்ல மாட்டுங்க. அடுத்த விமானத்துல எய்லரான் வரும்போது கை புதுசா பழக வேண்டியதில்லை. ப்ராப்ல எழுத்து இருக்கற பக்கம் விமானம் போற திசையைப் பாக்கணும். திருப்பி மாட்டினாலும் காத்து வரும், பாதி பலம்தான் வரும், மோட்டார் சரியில்லைன்னு நினைச்சுக்குவீங்க.

லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரிய ஒரு செல்லுக்கு 4.2 வோல்ட்டுக்கு மேல ஏத்தாதீங்க, பறந்து முடிச்சு 3.5க்குக் கீழ விடாதீங்க. பறக்காத வாரங்கள்ல 3.8ல வைங்க. 1000 எம்.ஏ.ஹெச். பேட்டரிக்கு 1 ஆம்ப்லதான் சார்ஜ். தூங்கும்போது சார்ஜ் போடக் கூடாது. உப்பின பேட்டரிய இன்னும் ஒரு தடவைன்னு ஆசைப்படக் கூடாது.

#11 பழைய கேடட்

ஊர் வள்ளியூர் என்பதால் இரண்டு விஷயம் சொல்லியாக வேண்டும்.

ஒன்று காற்று. ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குப் பக்கத்தில் இருக்கிறீர்கள். முப்பந்தலில் அத்தனை காற்றாலை நிற்பது சும்மா இல்லை. வைகாசி முடிந்து ஆனி, ஆடி, ஆவணி என்று காற்று ஓயாது. உங்கள் விமானத்தின் பறக்கும் வேகம் மணிக்கு 25 கி.மீ. காற்று 30 கி.மீ. என்றால் விமானம் முன்னால் பறந்துகொண்டே பின்னால் போகும். திரும்பினால் திரும்பி வராது. எனவே நிதானமாகக் கட்டுங்கள், இந்த மூன்று மாதமும் கணினியில் பழகுங்கள். பிகாசிம் என்ற இலவச சிமுலேட்டர் இருக்கிறது. விமானம் உங்களை நோக்கி வரும்போது இடம் வலம் மாறித் தெரியும், அதற்கு ஒரே மருந்து பழக்கம். ஒரு வழி சொல்கிறேன்: எந்தப் பக்கத்து இறக்கை தாழ்ந்து தெரிகிறதோ அந்தப் பக்கமே குச்சியைத் தள்ளுங்கள், இறக்கைக்கு முட்டுக் கொடுப்பதுபோல. புரட்டாசிக் கடைசியில், வடகிழக்கு மழை பிடிப்பதற்கு முன், விடியற்காலையில் இலை அசையாத நாட்கள் சில வரும். குளமும் அப்போது வறண்டிருக்கும். அதுதான் உங்கள் நாள்.

இரண்டாவது, இடம். மகேந்திரகிரி இஸ்ரோ வளாகம் உங்களுக்குப் பக்கம், கூடங்குளமும் தொலைவில்லை. அரசின் டிஜிட்டல் ஸ்கை ட்ரோன் வரைபடத்தில் உங்கள் குளம் பச்சை மண்டலத்தில் (முன் அனுமதி இல்லாமல் பறக்க விடக்கூடிய இடம்) இருக்கிறதா என்று பார்க்காமல் எறியவே வேண்டாம். 2021 ட்ரோன் விதிகளின்படி 250 கிராமுக்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ வகை. வணிகம் இல்லாமல் பறக்க ரிமோட் பைலட் சான்றிதழ் தேவையில்லை, ஆனால் மண்டல விதி எல்லோருக்கும் உண்டு. பதிவு பற்றிய விதிகளையும் படித்துவிடுங்கள்.

#12 வள்ளியூர்க்காரன்

ஆவணி மாசத்து வணக்கம். விமானம் தயார்.

குளம் இருக்கிற இடத்தை வரைபடத்துல பாத்தேன், சரியில்ல. மேற்க தள்ளி மாமா ஊர்ல அறுவடை முடிஞ்ச வயக்காடு பச்சையில வருது, அங்கதான் பறக்க விடப் போறேன்.

எடை 672 கிராம். சூடான பசையை அள்ளி அப்பிட்டேன்னு நினைக்கேன், ரெண்டரை குச்சி போயிருக்கு. டாலஸ் அண்ணன் சொன்ன காடியைப் பென்சில் போட்டுத்தான் வெட்டினேன், கச்சிதமா உக்காந்துச்சு. கட்டர் பிளேடை ஒவ்வொரு துண்டுக்கும் புதுசா உடைச்சு வெட்டினா நுரை பிய்யாதுன்னு நானே கண்டுபிடிச்சேன். மோட்டார் பெட்டிக்கு முன்பலகையா 3 மில்லி ப்ளைவுட்டைத் தச்சாசாரி அண்ணன் வெட்டித் தந்தார்.

#13 வால் இல்லாதவன்

அழகா வந்திருக்கு தம்பி. பசையை விரல்ல தொட்டு வழிச்சு எடுத்தா பசையோட எடை பாதி குறையும், அடுத்ததுக்கு ஞாபகம் வச்சுக்கோங்க. விரலுக்கு ஈரத்துணி முக்கியம், இல்லன்னா கொப்புளம்தான்.

ஒரே ஒரு எச்சரிக்கை. விமானத்தை வெயில்ல நிக்கிற காருக்குள்ளயோ தகரக் கொட்டகையிலயோ வைக்காதீங்க. பசை இளகி இறக்கை முறுக்கிக்கும், வெளிய எடுத்தா அந்த முறுக்கோடயே இறுகிடும். பாத்தா தெரியாது, பறந்தாத்தான் ஒரு பக்கமா இழுக்கும். பனிக்கும் தாள் ஊறும். அடிப்பக்கத்துக்கும் இறக்கை முன்விளிம்புக்கும் பேக்கிங் டேப் ஒட்டிடுங்க.

#14 வள்ளியூர்க்காரன்

புரட்டாசி நாலாவது ஞாயிறு. காலை 6 மணி. காத்தே இல்ல. மாமா எறிஞ்சார், ரிமோட் என் கையில.

எறிஞ்சதும் மூக்கு மேல தூக்குச்சு, நின்னுச்சு, இடது பக்கமா மடங்கி விழுந்துச்சு. மூணு தடவையும் அதேதான். ப்ராப் ஒண்ணு போச்சு. மோட்டார் பெட்டி கழண்டு பின்னால வந்துருச்சு, உடம்பு அப்படியே இருக்கு. நாலாவது தடவை எறியல, வீட்டுக்கு வந்துட்டேன். தவளைப் பறப்புதானே டீச்சர் இது?

#15 அறிவியல் டீச்சர்

தவளையேதான். நாலாவது தடவை எறியாமல் வந்தீர்களே, அதற்கு என் பாராட்டு. எடை மையத்தை எங்கே வைத்தீர்கள்? அளக்கும்போது பேட்டரி உள்ளே இருந்ததா?

#16 வள்ளியூர்க்காரன்

பேட்டரியோடதான் பாத்தேன் டீச்சர். இப்ப மறுபடி அளந்தேன். இறக்கை அகலம் 20 செ.மீ. சொச்சம். முன்விளிம்புல இருந்து 8 செ.மீ.ல நிக்கி. பிளான்ல போட்டிருந்த குறியை விரலால பிடிச்சுப் பாத்தப்ப சரியா இருந்த மாதிரி இருந்துச்சு. ஆனா அப்படி முதல்ல பாத்தப்ப வாலுக்கு டேப் ஒட்டல, அப்புறம்தான் ஒட்டினேன்.

#17 பழைய கேடட்

அங்கேதான் விடை. வாலில் ஒட்டிய டேப் பத்துப் பன்னிரண்டு கிராம் இருக்கும். ஆனால் அது எடை மையத்தில் இருந்து மூக்கைப் போல இரண்டு மூன்று மடங்கு தூரத்தில் இருக்கிறது. மூக்கில் முப்பது கிராம் வைத்தால்தான் ஈடாகும். போர்டே கனமானது என்பதால் வால் ஏற்கெனவே அசல் பிளானைவிடக் கனம்.

பேட்டரியை மூக்குக்குள் எவ்வளவு போகுமோ அவ்வளவு முன்னால் தள்ளி, முன்விளிம்பில் இருந்து 5 முதல் 6 செ.மீ.க்குள் நிற்க வையுங்கள். வாலின் டேப்பை உரித்துவிடுங்கள், அங்கே தேவையில்லை. இடது பக்கம் மடங்கியது பெரும்பாலும் மோட்டாரின் முறுக்கு விசை. மோட்டார் பலகையின் இடது பக்கத் திருகுகளுக்கு அடியில் ஒரு வாஷர் வைத்து மோட்டாரைச் சற்றே வலப்பக்கம் பார்க்கச் செய்யுங்கள். எறிபவரிடம் சொல்லுங்கள், அண்ணாந்து எறியக் கூடாது, அடிவானத்தைப் பார்த்து ஈட்டிபோல நேராக.

#18 வள்ளியூர்க்காரன்

பறந்துருச்சு!!!

இன்னைக்குக் காலையில. பேட்டரி முழுசா முன்னால, சி.ஜி. 5.5 செ.மீ. மாமா நேரா எறிஞ்சார். நான் எதுவுமே பண்ணல, அதுவா மெதுவா ஏறிச்சு. ரெண்டு தென்னை உயரம் போனதும் த்ராட்டிலைப் பாதியாக் குறைச்சேன், அப்படியே மிதந்துச்சு. வலது, வலது, மறுபடி வலது. இடது திருப்ப மூணு நிமிஷம் வரைக்கும் தைரியமே வரல. தங்கச்சி போன்ல நேரம் பாத்துச் சொல்லிட்டே இருந்தா. 6 நிமிஷம் 40 வினாடி. என்னைப் பாத்து வரும்போது ஒரு தடவை குழம்பினேன், இறக்கைக்கு முட்டுக் கொடுன்னு ஐயா சொன்னது அப்படியே காதுல கேட்டுச்சு. இறங்குறப்ப வரப்புல இடிச்சு ஒரு ரப்பர் பேண்டு அறுந்துச்சு, அவ்வளவுதான். பேட்டரி ஒரு செல்லுக்கு 3.75 இருக்கு.

மாமாவுக்குக் கண் கலங்கிருச்சு. எனக்கும்தான்.

ஒரு சந்தேகம் மட்டும். கையை விட்டா மெதுவா இடது பக்கமே போகுது. ரட்டர் டிரிம்மை (ரிமோட்ல ரட்டரை நேர் பண்ற சின்னப் பொத்தான்) நாலு கிளிக் வலது வச்சா நேரா போகுது. அப்படியே விடலாமா? இல்ல இன்னொரு வாஷர் வைக்கவா?

#19 கோவை சிறகு

ரொம்ப சந்தோஷங்க தம்பி. காலையில எந்திரிச்சதும் இதைத்தான் படிச்சேன்.

உயரத்துல இருக்கும்போது த்ராட்டிலை முழுசா மூடிட்டுப் பாருங்க. மூடினா நேரா போய், திறந்தா மட்டும் இடது போச்சுன்னா இன்னொரு வாஷர். மூடினாலும் இடது போச்சுன்னா இறக்கை முறுக்கியிருக்கு. பின்னால இருந்து கண்ணை ஒட்டி வச்சுப் பாத்து, கையால திருப்பி நேர் பண்ணி, அந்த மடிப்புல புதுசா டேப் போடுங்க. டிரிம்மைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துட்டு அடுத்த காலையில சொல்லுங்க. மழைக்கு முன்னாடி இன்னும் ரெண்டு வாரம் இருக்குங்க.